பாதியில் நின்ற சிற்பத்துக்கு நான் கட்டிய கதை

புதிதாக வழிகாட்டி அட்டை வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளே,

போன மாதம் உங்களில் ஒரு பெண் நடத்திய விழிஞம் நடைக்கு நானும் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இப்படிக் குழுவின் கடைசி ஆளாக, பேசாமல் நடந்து போவது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பெண் நன்றாகவே செய்தாள். வெயில் முகத்தில் அடிக்காமல் ஆட்களை நிறுத்தினாள். முழங்கால் வலிக்காரர்களை முன்னால் விட்டாள். துறைமுகம், பழைய கோட்டையில் மிஞ்சிய கல்வரிசை எல்லாம் முடிந்து குடைவரைக் கோயிலுக்கு வந்தோம். பாறையின் வெளிப்பக்கத்தில் பாதி செதுக்கியபடி நிற்கும் சிவன் உருவத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, இது ஏன் முடியாமல் நிற்கிறது தெரியுமா என்று கேட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். சிற்பியின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது, ஆள் வந்து சொன்னான், உளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினான்.

வார்த்தைக்கு வார்த்தை அது என்னுடையது. நிறுத்தும் இடம்கூட என்னுடையது.

அந்தக் கதை எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊர்க்காரர்கள் வாய்வழியாகச் சொன்னதும் இல்லை. நான் உண்டாக்கியது. அதைச் சொல்லாதீர்கள் என்று நம் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். சிலர் விட்டுவிட்டார்கள். ஒருவர், "ஆளுங்களுக்குப் பிடிச்சிருக்கு மேடம், கிடக்கட்டுமே" என்று சிரித்தார். சொல்லாதே என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்று புரிந்தது. ஏன் சொல்லக் கூடாது என்பதை முழுவதும் எழுதிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். இருந்தாலும் நல்லபடியாக முடிந்தது, அதனால் எழுத முடிகிறது.

நான் இந்த வேலைக்கு வந்தபோது என் சின்னப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கல்லூரியில் வரலாறும் ஆங்கிலமும். மூன்று மொழி தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். மூன்றிலும் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்று என் கணவர் சொல்வார்.

கோட்டை, அரண்மனை, கோயில் எங்கே கூட்டிப் போனாலும் எனக்குச் சிரமம் இல்லை. விழிஞத்தில் மட்டும் ஒரு இடம் தொந்தரவு கொடுத்தது. உங்களுக்குத்தான் அந்தக் குடைவரை தெரியுமே. ஒரே பாறை, அதைக் குடைந்த சின்ன அறை, அதற்குள் ஒரு சிலை. வெளியே இரண்டு பக்கமும் இரண்டு உருவங்கள் தொடங்கி, வடிவம் மட்டும் தெரிகிற அளவில் நின்றுபோயிருக்கின்றன. ஆய் மன்னர்கள் காலத்தைப் பற்றியும், இந்தத் துறைமுகத்துக்காக நடந்த சண்டைகளைப் பற்றியும் கால் மணி நேரம் பேசுவேன். பேசி முடித்ததும் யாராவது ஒருவர் அந்தப் பாதி உருவத்தைக் காட்டி, ஏன் முடிக்கவில்லை என்று கேட்பார். எல்லாக் குழுவிலும் இதே கேள்விதான். ஆராய்ச்சி செய்தவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. நானும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒருவர், கைடுக்கே தெரியாது என்றால் நாங்கள் யாரிடம் கேட்பது என்று சத்தமாகக் கேட்டார். குழு முழுவதும் சிரித்தது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் ஆறவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ஆசிரியைகள் வந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையோடு குடை இடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் திரும்பி வண்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அந்தக் கேள்வி வந்தது. நான் வாயைத் திறந்தேன், கதை தானாக வந்தது. சிற்பியின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. ஒருநாள் காலையில் ஆள் வந்து வலி கண்டுவிட்டது என்றான். ராஜாவின் வேலை என்றோ தெய்வத்தின் வேலை என்றோ அவன் யோசிக்கவில்லை. கையில் இருந்த உளியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடினான். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கினான். அப்புறம் இங்கே திரும்பி வரவேயில்லை.

ஒரு ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் மேலும் பத்து நிமிடம் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவரைக்கும் எந்தக் குழுவும் அந்த உருவத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அன்று மாலை, அங்கே காவல் வேலையில் இருந்த சுகுமாரன் சேட்டன் கேட்டைப் பூட்டிக்கொண்டே என்னிடம் விசாரித்தார்.

"மாமி, புதிய கதை நல்லா உண்டு. எந்தப் புஸ்தகத்துல கிட்டியது?"

"கேள்விப்பட்டதுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அந்த இடத்தில் எத்தனையோ வழிகாட்டிகள் பேசியதை வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அன்றே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. ஒரு கதை நன்றாகப் போகிறது என்றால் நம் தொழிலில் அதைவிட ருசியான விஷயம் கிடையாது. மெல்ல மெல்ல மெருகேற்றினேன். எந்த இடத்தில் நிறுத்தினால் ஆட்கள் மூச்சைப் பிடிப்பார்கள் என்று கண்டுபிடித்தேன். மற்ற வழிகாட்டிகளும் சொல்ல ஆரம்பித்தார்கள். வருஷங்கள் போயின. ஒரு பயணி நான் சொன்னதைச் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டார். அது எங்கெங்கேயோ சுற்றியது. கொஞ்ச நாளில் குடைவரையைச் சுற்றியிருந்த கம்பி வேலியில் மஞ்சள் நூல்கள் தென்பட்டன. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போகிறார்கள் என்று சுகுமாரன் சேட்டன் சொன்னார். தினமும் சாயங்காலம் கத்தரிக்கோல் கொண்டு வெட்டி எடுப்பது அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. உங்கள் கதைக்கு ஆள் கூடுகிறது மாமி என்று ஒருநாள் சொன்னார். குறை சொன்னாரா, பாராட்டினாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், அந்த நூல்களைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். மதுரையிலிருந்து ஒரு குழு வந்தது. ஒரே வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரர்களுமாகப் பதினொரு பேர். ஏற்பாடு செய்தவர் பெயர் சண்முகம். நேரம் தவறினால் முகம் சுளிக்கிற மனிதர். காலையிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தார். குடைவரைக்கு வந்தபோது பதினொன்றரை மணி இருக்கும்.

உள்ளே மரத்தடியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அறுபது வயதை ஒட்டியவள், மெலிந்த உடம்பு, மடியில் பூவும் பழமும் ஒரு மஞ்சள் நூல்கண்டும். அவள் தோளில் சாய்ந்திருந்தவள் நிறைமாதக்காரி. செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். பாதங்கள் வீங்கி, கணுக்கால் எலும்பே தெரியவில்லை.

நான் குழுவிடம் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் அந்த அம்மாள் எழுந்து என்னிடம் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. ஃபோனில் கதை சொன்ன அம்மா நீங்கள்தானே என்றாள். ஆமாம் என்றதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மகளின் தலைமேல் வைத்தாள்.

"இவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா. உங்களைப் பார்க்கக் கிடைச்சதே எங்க பாக்கியம்."

அவள் பெயர் பேச்சியம்மாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. மகள் பெயர் கனகா. விடியும் முன் கிளம்பி, மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்கள். மருமகன் கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறான். பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான், லீவு கிடைக்கவில்லை. அந்தச் சிற்பி எப்படி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினானோ அதுபோலத் தன் மருமகனும் ஓடி வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள். பாறையை மூன்று சுற்றுச் சுற்றி நூல் கட்ட வேண்டும். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார், இதை முடித்துவிட்டு மெதுவாகப் போக வேண்டும் என்றாள்.

நான் அந்தச் சீட்டைக் காட்டச் சொன்னேன். பையிலிருந்து நாலாக மடித்ததை எடுத்துக் கொடுத்தாள். மலைப்பக்கத்து டாக்டர் முந்தின நாள் எழுதியது. ரத்த அழுத்தம் மிக அதிகம், காலையிலேயே நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று எழுதி, காலையிலேயே என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இவர்கள் பஸ் நிலையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விழிஞம் பஸ் ஏறியிருக்கிறார்கள். என் வார்த்தையை நம்பி.

கனகாவிடம் குனிந்து, என்னம்மா செய்கிறது என்று கேட்டேன்.

"தலை பிளக்குது. கண்ணு முன்னால வெளுப்பா வந்து வந்து போகுது" என்றாள்.

சுகுமாரன் சேட்டன் அதற்குள் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துவிட்டார். பக்கத்து வண்டி வேறொருவரை எடுக்கப் போயிருந்தது. அடுத்தது வர நேரமாகும் என்றார்கள். எங்கள் குழுவின் வேன் டிரைவரோடு கேட்டுக்கு வெளியே நின்றது. வண்டியில் ஏறுங்கள் என்று நான் சொன்னதும் பேச்சியம்மாள் மாட்டேன் என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நேர்ச்சையைப் பாதியில் விட்டுப் போனால் குற்றம் வந்து சேரும் என்றாள். மகளை எழுப்பி நிறுத்தப் பார்த்தாள். சண்முகம் என் காதருகில் வந்து, மூன்று சுற்றுதானே, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். கனகா இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் மேல் சாய்ந்தாள். நடக்க விடக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். தரையில் உட்காரவைத்தோம்.

இனி சொல்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் என் நாக்கு நுனியில் இன்னொரு பொய் தயாராக இருந்தது. இந்த இடத்தில் சுற்றக் கூடாது, சிற்பி எப்படி ஓடினானோ அப்படிக் குழந்தை பிறக்கிற இடத்துக்கு ஓட வேண்டும், அதுதான் இங்கே நேர்ச்சை. இவ்வளவுதான். சொல்லியிருந்தால் பேச்சியம்மாள் அடுத்த நொடி கிளம்பியிருப்பாள். எனக்கும் கௌரவம் போயிருக்காது. பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தச் சீட்டு என் கையில் இருந்தது ஒரு காரணம். என் ஒரு வார்த்தைக்காக இவள் ஒரு டாக்டரின் வார்த்தையைப் பையில் மடித்து வைத்துவிட்டாள். இன்னொரு வார்த்தையும் கொடுத்தால், ஆஸ்பத்திரிக்குள் போய் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. வயிற்றை அறுத்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று அங்கே சொன்னால், சிற்பியைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று எனக்கு ஃபோன் செய்வாளா? ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லியும் அவள் அசையாமல் இருந்திருந்தால், நான் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் இருப்பேன். பெண்ணின் உயிர் முக்கியம். முதலில் உண்மையை முயன்று பார்க்க ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். அந்தக் கதை நிஜம் இல்லை, நான் கட்டியது, அப்படி ஒரு சிற்பி ஓடியதாக யாருக்கும் தெரியாது, இந்த இடத்தில் நேர்ச்சை எதுவும் கிடையாது என்று சொன்னேன். குழுவில் யாரோ மெல்ல ஏதோ சொன்னது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பேச்சியம்மாள் நம்பவில்லை. எங்களை விரட்டத்தான் இப்படிச் சொல்கிறீர்கள் என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அந்த வீடியோவுல உங்க தொண்டை கம்மிச்சே. நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன். கண்ணு நிறைஞ்சு நிக்குது உங்களுக்கு. பொய் சொல்றவங்களுக்கு அப்படி வருமா?"

அத்தனை வருஷத்தில் நானே என்னை அப்படிக் கேட்டதில்லை. வாயிலிருந்து வந்தது எங்கள் வீட்டுப் பேச்சு. குழு முன்னால் நான் ஒருநாளும் பேசாத பேச்சு.

"என் ஆத்துக்காரர் மஸ்கட்ல இருந்தார். மூத்தவ பிறக்கறச்சே வரேன்னு சொல்லியிருந்தார். வரலை. வலி எடுத்த அன்னிக்கும் வாசலையே பார்த்துண்டு கிடந்தேன். குழந்தைக்குப் பதினோரு மாசம் ஆனப்புறம்தான் வந்து பார்த்தார். அதான் ஓடி வந்த ஒருத்தனைப் பத்திக் கதை கட்டியிருக்கேன். அழுகை நிஜம்தான். கதைதான் பொய்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நூல்கண்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். பூவையும் பழத்தையும் மரத்தடியில் வைத்தாள்.

"வண்டி எங்க நிக்குது?" என்றாள்.

சண்முகம்தான் முதலில் ஓடினார். கேட்டுக்கு வெளியே போய் வேனின் கதவைத் திறந்து, பின் இருக்கையில் இருந்த பைகளையெல்லாம் ரோட்டோரத்தில் இறக்கினார். சுகுமாரன் சேட்டனும் குழுவில் இரண்டு பெண்களும் கனகாவைத் தூக்காத குறையாக ஏற்றினார்கள். நானும் பேச்சியம்மாளும் ஏறிக்கொண்டோம். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று சண்முகத்திடம் கேட்டேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளா, நீங்கள் போங்கள் மேடம் என்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வழியில் கனகா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பேச்சியம்மாள் அவளுடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச்சால் பிழைத்தவள். அந்த முக்கால் மணி நேரமும் டாக்டரின் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்ததும் சக்கர நாற்காலி வந்தது. ஒரு இளம் டாக்டர், இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். பேச்சியம்மாள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என்னால்தான் தாமதம் என்றேன். அவருக்கு அது புரியவில்லை, விசாரிக்கவும் நேரமில்லை. வலிப்பு வருவதற்கு முன் கொண்டுவந்தது நல்லதாயிற்று, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள். மூன்று மணி வாக்கில் நடைவழியில் பேச்சுச் சத்தம் கேட்டது. பார்த்தால் மதுரைக்காரர்கள். ஊர் பஸ் ஏறி, வழி கேட்டு, பதினொரு பேரும் வந்து நிற்கிறார்கள். வேனை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருப்பார்கள் என்று எழுந்தேன். சண்முகம் ஒரு பையில் பன்னும், கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஃப்ளாஸ்க்கில் டீயும் கொண்டுவந்திருந்தார். முதல் டம்ளரைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அன்று பார்க்க வேண்டியிருந்த அரண்மனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான்கு மணிக்கு நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள். தாயை இரண்டு நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், பயப்பட வேண்டாம் என்றாள். குழுவில் ஒரு பெண்மணி கையைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

அவர்களை ரயிலேற்றும்போது மன்னிப்புக் கேட்டேன். சண்முகம், இனிமேல் அந்தச் சிலைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். தெரியாது என்று சொல்வேன் என்றேன். அது போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஸ்கட் விஷயத்தைப் பத்துப் பதினைந்து பேர் முன்னால் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ மூணு தடவை லீவு எழுதிக் கொடுத்தேன். கொடுக்கலைன்னு உன்கிட்டச் சொல்லவே வெட்கமா இருந்தது" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்குக் காப்பி அவர்தான் போட்டார். சர்க்கரை கூடுதல். குடித்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று கரமனை ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவதில்தான் ஏறினேன். கனகாவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். முகத்தில் வீக்கம் வடிந்து, இருபது வயதுப் பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபோனில் கத்தாரிலிருந்து புருஷன் பேசிக்கொண்டிருந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் பாதி எழும்பிய கட்டடம். குழந்தையின் முகத்தை ஃபோனுக்குக் காட்ட வேண்டும், கனகாவால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கிப் பிடித்தேன். அவன் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். பிறகு, எடை எவ்வளவு என்று கேட்டான். அடுத்த மாசம் லீவு கிட்டும், சூப்பர்வைசர் சொல்லியாச்சு என்றான். கனகா, வரும்போது வா, நாங்க எங்க போகப் போறோம் என்று சொல்லிச் சிரித்தாள்.

பேச்சியம்மாள் கட்டில் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஃபோனை வைத்த பிறகு, மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அந்தச் சாமியை எதுக்குத்தான் அப்படிப் பாதியில விட்டுட்டுப் போனாங்க?"

"தெரியாது பேச்சியம்மா. யாருக்கும் தெரியாது."

அவள் மடியில் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"அதையே சொல்லியிருக்கலாமே. தெரியாதுன்னு சொன்னா நாங்க என்ன கோவிச்சுக்கவா போறோம்?"

பிறகு குழந்தையைத் தூக்கி, நான் கேட்காமலேயே, என் மடியில் வைத்தாள்.